பயத்தோடு ஏறிய மலை

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். பதுளைக்குப் பக்கத்தில், ஸ்பிரிங்வெளிப் பக்கம் உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து பறிக்கிறேன். ஒருநாள் பாறை ஓரமாகப் பறித்துக்கொண்டிருந்தபோது குளவிக் கூடு கலைந்துவிட்டது. எனக்கும் என் பக்கத்து நிரையில் நின்றவளுக்கும்தான் சரியான கொட்டு. கூடப் பிறக்காவிட்டாலும் அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேரும் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவழியாகப் பிழைத்து வந்தோம்.

உடம்பு தேறிவிட்டது. மனசுதான் தேறவில்லை. ஒருநாள் துணிந்து மலைக்கு ஏறினேன். தூரத்தில் புல்லு வெட்டும் மெசின் சத்தம் போட்டதுதான் தாமதம், கூடையை எறிந்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உருவித் தலையில் போர்த்திக்கொண்டு, தேயிலைச் செடிக்கடியில் குப்புறப் படுத்துவிட்டேன். குளவி வந்தால் நாங்கள் அப்படித்தான் செய்வோம். மெசின் என்று தெரிந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். நான் எழும்பாமல் அங்கேயே கிடந்து அழுததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

பயப்படாதே, இனி வராது என்று சொல்லாத ஆள் இல்லை. வீட்டுக்காரர் சொன்னார். பூசாரி திருநீறு போட்டுச் சொன்னார். சொல்லச் சொல்லப் பயம் கூடியதே தவிர குறையவில்லை. இனி மலை வேலை சரிவராது, கொழும்பில் யார் வீட்டிலாவது வேலைக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் ரெண்டாம் ஆண்டுதான் படித்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளை. அவளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான், வேலையாட்களின் மனநலத்துக்கு ஒரு பயிற்சி என்று பதுளையிலிருந்து ஒரு மிஸ் வந்தார். ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக் காம்பராவில். நாங்கள் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது, கதிரைகளெல்லாம் சின்னஞ்சிறுசு. எங்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டே பேர் வாங்கிய மனிதர். அவர் முழங்கால் நெஞ்சைத் தொட அதிலொன்றில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள், தேத்தண்ணியும் பிஸ்கட்டும் தருவார்கள், வந்துவிடலாம் என்றுதான் நானும் போயிருந்தேன்.

மனசில் ஓயாமல் ஓடுகிற ஒன்றைச் சொல்லுங்கள் என்றார் மிஸ். என் முறை வந்தபோது, "குளவி திரும்ப வரும் மிஸ்" என்றேன். வராது என்று அவரும் சொல்லப்போகிறார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"வருமா வராதான்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. அந்த நினைப்போட சண்டை போடாதீங்க. 'குளவி வரும்னு என் மனசு சொல்லுது'ன்னு சொல்லிப் பாருங்க. அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கட்டும். உங்களுக்கு எது முக்கியமோ, அதை நீங்க பாருங்க" என்றார்.

எது முக்கியம் என்றதும் மகளின் முகம்தான் வந்தது. அப்போது, யாரும் கேட்காமலே கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"காலையில ஒங்கள மலைக்கு அனுப்பிட்டு, நீங்க எறங்கி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. அன்னைக்கு ஒங்க ரெண்டு பேரையும் தூக்கிக்கிட்டு ஓடுனதுல இருந்து இப்படித்தான். பயம் வெளிய தெரியக்கூடாதுன்னுதான் சத்தம் போடுறது."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். 'குளவி வரும்னு என் மனசு சொல்லுது' என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன். அது சொல்லிக்கொண்டே வந்தது, நானும் நடந்துகொண்டே இருந்தேன். கணக்கப்பிள்ளை பாறைப் பக்கம் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சத்தம் போடாமல் என் நிரையைக் காட்டினார். முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது, கொழுந்து பெருக வேண்டும் என்று 'பொலி, பொலி' சொல்வது எங்கள் வழக்கம். என் குரல் உடைந்துதான் வந்தது. மற்றப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு மலைக்கே கேட்கும்படி சொன்னார்கள். ஒரு கண்ணைப் பாறைப் பக்கம் வைத்துக்கொண்டுதான் பறித்தேன். கொழும்புப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

தங்கச்சி அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் வேலைக்கு வரவில்லை. ஒரு பின்னேரம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒங்களுக்குப் பயம் எப்பக்கா போச்சு?" என்று கேட்டாள்.

"எங்க போச்சு? இன்னைக்கும் என்கூடத்தான் மலைக்கு வந்துச்சு. நாளைக்கு நீயும் ஒன் பயத்தையும் கூட்டிக்கிட்டு வா" என்றேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அடுத்த நாள் வந்து என் பக்கத்து நிரையில் நின்றாள்.

பயம் போகட்டும் என்று காத்திருந்தால், நான் இன்றைக்குக் கொழும்பில் யாரோ ஒருவர் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருப்பேன். என் மகளுக்கு யார் பின்னிவிட்டிருப்பார்களோ!