பேசலை என்றால் பேசாலை அல்ல

கிளினிக்கில் பெயர் பதிகிறவனுக்குக் கைவேகம் போதும், காது தேவையில்லை என்றுதான் முப்பது வருடம் நினைத்திருந்தேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடியலில் இருந்து வாங்குப் பலகையில் காத்துக் கிடந்த ஆட்களே, என்னைப் போல ஒருவனிடம் நீங்களும் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். இதையும் கேளுங்கள்.

எது?

நான் கேட்பது மூன்றே கேள்வி. பெயர்? வயது? எது? ‘எது’ என்றால் எந்த ஊர். எல்லாருக்கும் விளங்கும்.

ஒரு தாய்க்கு மட்டும் விளங்கவில்லை. இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து, திரும்பி வந்து பெரியமடுவில் இருப்பவள். அது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. இடுப்பில் மூன்று வயது மகள் மதுஷா. என்ன குறை என்று கேட்கிறேன் என நினைத்து, “பேசலை ஐயா” என்றாள். நான் பேசாலை என்று எங்கள் கரையோர ஊர் ஒன்றின் பெயரை எழுதினேன். எங்கள் பக்கம் பேசுவதென்றால் ஏசுவது. வாய்திறந்து சொல்வது கதைப்பது. எனக்கு ஊர்தான் கேட்டது. அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். பின்னால் நாற்பது பேர். “அடுத்தது” என்றேன்.

பிள்ளையைப் பார்த்த தாதி மிஸ்ஸி, இதற்குப் பெரிய டொக்டர் வெளியூரில் இருந்து வரவேண்டும், நாள் தெரிந்ததும் ஊர் மருத்துவமாது வீட்டுக்கு வந்து சொல்லுவா என்று அனுப்பினா. போகும்போது தாய் என் மேசையடியில் நின்றாள்.

“மறக்காம சொல்லி விடுவீங்கல்ல ஐயா?”

பேசாலையில் தேடியது

டொக்டர் வரும் நாள் வந்தது. பேசாலை மருத்துவமாதுவுக்குச் சொன்னோம். பாவம், இரண்டு நாள் வெயிலில் வீடுவீடாக அலைந்திருக்கிறா. கோயிலடி, மீன்வாடி, கருவாடு காயும் இடம் எல்லாம் கேட்டாவாம். ஒரு மனிசி வலை பொத்திக்கொண்டிருந்த தன் புருஷனைக் காட்டிச் சொன்னதை வந்து சொன்னா. நானும் சிரித்தேன். டொக்டர் வந்தார், போனார். அந்த மனிசி சொன்னது இதுதான்:

“இஞ்ச கதைக்காத ஆள் எண்டால் என்ர மனிசன்தான். ஏத்திக்கொண்டு போங்கோ.”

என் கையெழுத்து

டொக்டர் வந்துபோய் எட்டு மாதம் கழித்து அந்தத் தாய் தானாகவே வந்தாள். ஒருவரும் வரவில்லையே என்றாள். “எந்த ஊர்?” என்று அன்றுதான் முழுதாகக் கேட்டேன். பெரியமடு என்றாள். பதிவுக் கொப்பியைப் புரட்டினேன். பேசாலை. என் கையெழுத்து, நல்ல வடிவாக.

“என்ர பிழை” என்றேன். ஏசுவாள் என்று பார்த்தேன். அவள் கொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீங்களாவது நான் சொன்னதக் காதுல வாங்கி எழுதிருக்கீங்க ஐயா. மத்தவங்க அதுகூட செய்யல.”

துண்டுகள்

இன்னும் இரண்டு மாதத்தில் டொக்டர் வந்தார். மதுஷாவின் பெயரை முதலாவதாகப் போட்டேன். பிள்ளை என் கையைப் பிடித்து இழுத்து மேசை லாச்சியில் வைத்தாள். திறந்தேன். நம்பர்த் துண்டுகளை அள்ளி நிலத்தில் ஒன்று, இரண்டு என்று வரிசையாக அடுக்கினாள். ஒன்றுகூடப் பிழையாக வைக்கவில்லை. கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

டொக்டரின் அறைக்குள் கொப்பி கொடுக்கப் போனவன் கதவடியில் நின்றுவிட்டேன். பேச்சுப் பயிற்சி உடனே தொடங்க வேணும், முந்தியே தொடங்கியிருந்தால் பிள்ளைக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும் என்றார் டொக்டர். இவ்வளவு நாளும் ஏன் கொண்டுவரவில்லை என்று தாயைக் கடிந்தார். அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

“எங்க ஊருக்கு பஸ் சரியில்லைங்க டாக்டர்.”

இப்போது ஊரை ஊர் என்றும் குறையைக் குறை என்றும் பிரித்துத்தான் கேட்கிறேன், ஆனால் மதுஷாவின் அந்தப் பத்து மாதத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று இந்தக் கொப்பியில் இல்லை.