மூலையில் கிடந்த சங்கு

எண்பத்து மூன்றாம் ஆண்டு தை மாதம், எங்கள் கடலாய்வு நிலையத்தில் படித்த மனிதர்கள் ஐந்து பேர் ஒரே நேரத்தில் புத்தி பேதலித்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். இளம் ஆய்வாளர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

என் வேலை, சுழியோடி ராசன் சிலிண்டர் கட்டிக்கொண்டு கீழே போய் எடுத்துவரும் படங்களில் உள்ள சிற்றுயிர்களை இனங்காண்பது. பிலிம் கழுவிக் கொழும்பிலிருந்து வரும். அதை வெட்டி அட்டைச் சட்டத்தில் ஸ்லைட்டாகப் போடுவதைப் பொறுப்பதிகாரி தானே செய்வார். எங்கள் கைகள் அவ்வளவு நுட்பமானவை அல்லவாம்.

அன்று திரையில் விழுந்தது ஓடில்லாத கடல் நத்தை ஒன்று. ஊதா உடம்பு, முதுகில் மஞ்சள் செட்டைகள். நான் அதுவரை கண்டிராத பிராணி. அளவு தெரிய ராசன் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் ஒரு விரலை நீட்டியிருந்தான். நத்தையையோ விரலையோ ஒருவரும் பார்க்கவில்லை. படத்தின் மூலையில், மணலில் பாதி புதைந்து ஒரு குட்டிச் சங்கு கிடந்தது. அதன் சுழி மறுபக்கமாக ஓடியது.

"வலம்புரி," என்றார் பொறுப்பதிகாரி. பிறகு அறையில் விஞ்ஞானம் இருக்கவில்லை. எழுதுவினைஞர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரையைக் கும்பிட்டார்.

எனக்கு விரல்தான் இடித்தது. எங்கள் கமராவின் விசை வலப்பக்கம். வலக்கையால் அமத்துகிறவன் இடக்கையைத்தான் படத்துக்குள் நீட்ட முடியும். பெருவிரல் இருந்த பக்கத்தைப் பார்த்தால் திரையில் தெரிந்ததோ வலக்கை. ஸ்லைட் பின்பக்கமாகப் போடப்பட்டிருக்கிறது என்றேன். எடுத்துத் திருப்பியும் போட்டுக் காட்டினேன். சங்கு சாதாரணச் சங்காகிவிட்டது.

"இப்பதான் பிள்ளை நீர் பிழையாப் போட்டிருக்கிறீர்," என்றார் அவர்.

ராசனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நத்தையைப் பார்த்ததில் சங்கைக் கவனிக்கவில்லை என்றான். கமராவைக் கை மாற்றிப் பிடித்தாயா என்று கேட்டதற்கு, திரையைப் பார்த்தபடியே, மாற்றிப் பிடித்திருக்கலாம் என்றான். அவனுக்கும் ஆசை பிடித்துவிட்டது.

வாடைக்காற்று அடங்கவில்லை. கடல் கலங்கிக் கிடந்தது. அதைவிட, ராசனுக்குக் கடும் தடிமன். மூக்கடைத்தவன் ஆழத்துக்குப் போனால் காது வெடிக்கும். சுழியோட்டத்தின் முதல் பாடமே அதுதான். அந்தப் பாடத்தைப் புதியவர்களுக்கு வகுப்பெடுத்தவரே எங்கள் பொறுப்பதிகாரிதான். அவரே அந்தச் சங்கை எடுத்துவர ராசனுக்கு வள்ளத்தை ஆயத்தப்படுத்தச் சொன்னார்.

கரையில் நின்று ராசனை மறித்தேன். அது வெறும் சங்கு, உன் காதைக் கெடுத்துக்கொள்ளாதே என்றேன்.

"ஒருக்கால் பாத்திட்டு வாறன் அக்கா. உண்மையா இருந்திட்டா?"

போனான். மேலே வந்தபோது மூக்காலும் இடக் காதாலும் ரத்தம் வழிந்தது. கையில் மூன்று சங்குகள், மூன்றும் சாதாரணச் சங்குகள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, இடக் காது இனிக் கேட்காது என்று அவனிடமே சொன்னார்.

மறுநாள் பொறுப்பதிகாரி தோடம்பழத்தோடு வந்தார். நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றேன். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்த நானும் அன்றைக்கு ஒரு மடைச்சிதான். அவர் குனிந்து, பஞ்சடைத்த அந்தக் காதுக்குள் மெல்ல ஏதோ கேட்டார்.

"என்ன சேர்? கேக்கேல்லை," என்றான் ராசன்.

அவர் குரலை உயர்த்தினார். வார்ட்டே திரும்பிப் பார்த்தது.

"வேறை இடத்திலை தேடினனியோ எண்டு கேட்டனான்."

இப்போதும் பிள்ளைகள் கடலுக்கடியில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து இது என்ன பிராணி என்று கேட்பார்கள். படத்தை வாங்குமுன், அது என்னவாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள் எனக் கேட்பேன். உடனே பதில் சொல்கிறவர்களுடைய படத்தை நான் பார்ப்பதில்லை.