நிலைக்காக வந்த ரெட்வுட் பலகைகள்

ஏசி ஓடும் அறையில் தரை, சுவர், கட்டில் கம்பி எல்லாமே தொட்டால் சில்லென்று இருக்கும். சோபாவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த அந்தச் சிவப்புப் பலகைகள் மட்டும் ஒருநாளும் சில்லிட்டதில்லை. பள்ளிவிட்டு வந்ததும் அவற்றில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நாங்கள் துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் இருந்தோம். வாப்பா மரக்கடையில் சேல்ஸ்மேன். யாரோ ஒரு அரபியின் தோட்டப் பந்தலுக்காக அமெரிக்காவிலிருந்து வந்த ரெட்வுட்டில் மிஞ்சியதை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"மரம்னா இதான் மரம். அண்ணாந்து பாத்தா உச்சி தெரியாது. தீயில நின்னாலும் பட்டைதான் கருகும்" என்பார், அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்தவர் போல. பேரீச்சையைத் தவிர உயரமான மரமே பார்த்திராத நான் அதை அப்படியே நம்பினேன். பிற்பாடு படித்தபோது அவர் அதிகம் கூட்டிச் சொல்லவில்லை என்றுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை துபாய் தேராவிலிருந்து வரும் ஊர்க்காரர்கள், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு லேசா!" என்று வியந்தாக வேண்டும். நகம் பட்டாலே தடம் விழும் மரம் என்பதால் பிள்ளைகளுக்கு மட்டும் "டச் மாஃபி", தொடக் கூடாது.

எங்கள் ஊரான காயல்பட்டினத்தில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அப்படி எனக்காக ஊரில் எழும்பிக்கொண்டிருந்த வீட்டின் தலைவாசல் நிலைக்காகத்தான் இந்த மரம் காத்திருந்தது. ஊரில் கிடைக்காத மரமா என்று கேட்டால் வாப்பாவுக்குக் கோபம் வரும். வளைகுடாவிலிருந்து சோப்பு வரைக்கும் கார்கோவில் அனுப்பிய தலைமுறை அது. வாசலை மட்டும் விட்டுவிடுவார்களா?

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஊரிலிருந்து வாப்பாவின் தம்பி, சின்னாப்பா போன் செய்தார். சுவர் எழும்பிவிட்டது, மரத்தை அனுப்பு என்றார். வாப்பா மகிழ்ச்சியோடு எங்களைப் பார்த்து, "வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு கார்கோ வண்டி வரும். வீடு முடிஞ்சதும் நீங்க ரெண்டு பேரும் ஊருல இருங்க" என்றார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். என் வகுப்புத் தோழி அப்படித்தான் போனாள். அடுத்த விடுமுறையில் அவள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. படிப்பு போய்விடும் என்று உம்மாவிடம் அழுதேன். உம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

வியாழக்கிழமை, வாப்பா டியூட்டிக்குப் போனதும், கீழே கடை வைத்திருந்த பெஷாவர் தச்சரை உம்மா மேலே வரவழைத்தார். தனக்குத் தெரிந்த இந்தி மொத்தத்தையும் திரட்டி, "பாய், டேபிள். படா டேபிள். ஜல்தி" என்றார். இவ்வளவு நல்ல மரத்தை வெட்டவா என்று தச்சர் தயங்கினார். உம்மா பலகையின் ஒரு முனையைத் தானே தூக்கிக்கொண்டு, "யல்லா" என்றார்.

மாலையில் வாப்பா வந்தபோது நான் அந்த மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நிலைக்கு வச்சிருந்த மரம்டி" என்றார் வாப்பா. மேசை விளிம்பைத் தடவினார்.

"வீடு அவளுக்குத்தானே? அப்ப மரமும் அவளுக்குத்தான். புள்ளை மொதல்ல இங்க படிச்சு முடிக்கட்டும். வாசல் எங்கயும் ஓடிப்போகாது" என்றார் உம்மா.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் ஜும்ஆ முடிந்து வந்தவர் கார்கோ வண்டி வேண்டாமென்று போனில் சொன்னார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உப்புத்தாளால் மேசையைத் தேய்த்து, எண்ணெய் பூச ஆரம்பித்தார். "பச்சையா விட்டா கறை புடிக்கும். தச்சனுக்கு இந்த மரத்தப் பத்தி என்ன தெரியும்?" என்று முணுமுணுத்தார். எனக்கு உயிர் வந்தது. நாங்கள் போகவில்லை.

நாங்கள் இருந்த அந்தக் கட்டிடத்தை இப்போது இடித்துவிட்டார்கள், மரக்கடையும் இல்லை. வீடு காலி செய்தபோது கழற்றிய மேசை எந்தச் சாமானோடு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஊரில் என் வீட்டுக்குத் தேக்கு நிலைதான் வைத்தார்கள், நன்றாகவே இருக்கிறது. அந்த வீட்டில் இப்போது பெற்றோர் இருக்கிறார்கள். ஷார்ஜாவில் மருந்தாளுநராக இருக்கும் நான் எடுத்துக்கொடுக்கும் விசாவில் வருடம் ஒருமுறை இங்கே வருகிறார்கள். போன முறை விமான நிலையத்து அதிகாரி எங்கே தங்குவீர்கள் என்று கேட்டதற்கு, பின்னால் நின்ற வரிசை முழுவதற்கும் கேட்கும்படி வாப்பா, "மை டாட்டர் ஹவுஸ்" என்றாராம்.