நீலம் போதாது

லியோட்டா கான் ஒரு வான்கோழியையும் முன்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்கியதில்லை. நேராகப் பின்னால் போய் மண்டியிடுவாள். முன்பக்கம் என்பது செத்த பறவையைப் பாடம் செய்து நிற்க வைத்தவன் நமக்குக் காட்ட நினைப்பது. திருட்டு வேலை எல்லாம் பின்னால்தான் என்பது அவள் கணக்கு. விரித்த வால் உடம்போடு சேரும் இடத்தில் இறகு பிய்ந்து ஒட்டியிருக்கிறதா, இறக்கை தோளிலிருந்து முளைக்கிறதா அல்லது விலாவில் செருகியிருக்கிறதா, காலின் முள்ளுக்கு மெருகு போட்டு வயதைக் கூட்டியிருக்கிறார்களா? கைவிளக்கும், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற குட்டிக் கண்ணாடியும் அவள் ஆயுதங்கள். கடைசியில்தான் தலைக்கு வருவாள்.

வாரத்தில் ஆறு நாள் மிசௌரி மலைச்சாலைகளில் தபால் கொண்டுபோவது அவள் பிழைப்பு. வசந்த காலத்தில் விடியும் முன்பே மரத்தடியில் போய் உட்கார்ந்து, காட்டு வான்கோழிச் சேவல்கள் தோகை விரித்து நடப்பதை இருபத்தாறு வருடமாகப் பார்த்து வருகிறாள். அதனால்தான் பாடம் செய்த உயிர்களுக்கான மாநிலப் போட்டியில் வான்கோழிப் பிரிவுக்கு அவளை நடுவராக வைத்திருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, கறாரான மனுஷி. அவள் கொடுக்கும் மதிப்பெண் தாளைப் போட்டியாளர்கள் வீட்டில் சாயம் பூசும் மேஜைக்கு மேலே ஆணியடித்து மாட்டி வைப்பார்கள். அடுத்த வருடப் பறவைக்கு அதுதான் சட்டம்.

இந்த வருடம் பதினோரு பறவைகள். யார் செய்தது என்று நடுவருக்குத் தெரியக் கூடாது, எண் மட்டும்தான். கூடத்துக் கதவைச் சாத்திவிட்டுக் காலையிலிருந்து பார்த்தாள். ஏழாம் எண்ணுக்கு வந்தபோது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. வால் பிரமாதம். தரையில் உரசி உரசித் தேய்ந்த இறக்கை நுனியைக்கூட வெட்டிச் சீராக்காமல் உள்ளபடியே விட்டிருந்தார்கள். அது காட்டைப் பார்த்தவர் செய்கிற காரியம். ஆனால் தலை சாம்பல் பூத்துக் கிடந்தது. செத்ததும் தலையின் நிறம் போய்விடும், பாடம் செய்பவர்தான் சாயம் பூசி அதைக் கொண்டுவர வேண்டும். பெட்டையைக் கண்டு உச்சத்தில் நிற்கும் சேவலுக்கு உச்சி வெள்ளை, முகம் நீலம், கழுத்துச் சதை சிவப்பு. இதில் சிவப்பு இருந்தது, நீலத்தைக் காணோம். 'நீலம் போதாது' என்று எழுதித் தலைக்கு எல்லாரையும் விடக் குறைவாகப் போட்டாள். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அநேகமாக எல்லாத் தாளிலும் எழுதிய வாசகம்தான் அது. மற்றவர்கள் திருந்தியிருந்தார்கள். மூன்றாம் எண்ணின் நீலம் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

மீன் பிரிவின் நடுவர் மெர்ல் டாக்கெட் தன் வேலையை முடித்துவிட்டு, கையில் காபியோடு வந்து நின்றான். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம்.

"என்ன லியோட்டா, இந்த வருஷம் உன் கோழிங்க எல்லாம் மை குடிச்சுட்டு வந்திருக்கு?"

"மீனைத் தடவிப் பாக்குறவனுக்குக் கோழியப் பத்தி என்ன தெரியும்? போய் செதிலை எண்ணு."

"தெரியாதுதான். ஆனா மே மாசம் என் களத்துமேட்டுல நின்னு கத்துற சேவலைத் தெரியும்ல? அது இதுதான்." அவன் விரல் ஏழாம் எண்ணைக் காட்டியது. "மத்ததெல்லாம் பொம்மைக் கடையில வாங்கின மாதிரி இருக்கு."

அவள் எரிச்சலோடு திரும்பி ஏழையும் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். மெர்ல் விளையாடவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"மெர்ல், நீ போட்டிருக்கியே, இந்தச் சட்டை சாம்பல் கலர்தானே?"

"எது, இதா? என் பொண்டாட்டி கிறிஸ்துமஸுக்கு வாங்கினது. நீலம், லியோட்டா. நல்ல வெளிர் நீலம்."

அவள் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். போன இலையுதிர் காலத்தில் கண் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. 'புரை ரெண்டு கண்ணுலயும் முத்திக்கிட்டு வருது. எழுத்து தெரியும், ஆனா மஞ்சள் கண்ணாடி வழியா பாக்குற மாதிரி இருக்கும்.' முகவரி வாசிக்க முடிகிறது, வண்டி ஓட்ட முடிகிறது, பிறகென்ன என்று தள்ளிப்போட்டாள். கூடத்து விளக்கு சரியில்லை என்று குழுவோடு சண்டை போட்டு, எல்லா விளக்கையும் மாற்ற வைத்ததும் அவள்தான். காட்டில் சேவல்களின் முகம் மங்கலாகத் தெரிந்தபோது மேகமூட்டத்தைக் குறை சொன்னாள்.

மெர்ல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "யாருக்கும் தெரியாது. நான் தலையை மட்டும் பாத்துச் சொல்றேன், நீ மார்க்கைத் திருத்திப் போடு. உன் பேரு கெட வேண்டாம்."

அவளுக்கு அது ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். கணவன் போன பிறகு அந்த மலையில் அவளை அவளாக வைத்திருந்தது இந்த ஒரு பேர்தான். தபால்காரி யார் வேண்டுமானாலும் ஆகலாம். ஆனால் இந்தப் பதினோரு தாளைத் திருத்தினால் போதுமா? ஆணியில் தொங்கும் பழைய தாள்கள்? அவற்றைப் பார்த்துப் பார்த்து இன்னும் எத்தனை பேர் பறவைக்கு மை பூசுவார்கள்?

"எந்திரி. கதவைத் திற," என்றாள்.

வெளியே ரொட்டியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், முடிவு வந்துவிட்டது என்று தட்டோடு உள்ளே வந்தார்கள். லியோட்டா எழுந்து நின்றாள்.

"என் கண்ணுல புரை. எனக்கு நீலம் சரியா தெரியல. ரெண்டு வருஷமா உங்க தாள்ல 'நீலம் போதாது'ன்னு எழுதினது பறவையோட குத்தம் இல்ல, என் குத்தம். டாக்டர் சொல்லியும் நான் யார்கிட்டயும் சொல்லல. தலைக்கு மார்க் இனிமே மெர்ல் போடுவான். இந்தப் பதினொண்ணுல உண்மையான நீலம் ஏழாம் நம்பர் ஒண்ணுலதான் இருக்காம்."

பின்வரிசையில் ஓர் இளம்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முதல் முறை போட்டிக்கு வந்தவள். லியோட்டாவின் தாள் ஒன்றைக்கூட அவள் கண்டதில்லை. ஏழு அவளுடையது.

"நாசமாப் போச்சு!" என்றான் ஒருவன். "நான் டப்பா டப்பாவா நீலத்தக் கொட்டியிருக்கேனே!" சிலர் சிரித்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். மூன்றாம் எண்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

ஹார்லன் ஸ்டப்ஸ் மட்டும் அவளருகே வந்தார். போன வருடம் இரண்டாம் இடம் வாங்கியவர். அதிகம் பேசாத மனிதர்.

"மிஸ் லியோட்டா, போன வருஷத்துப் பறவைய வீட்டுக்குக் கொண்டுபோய், நீங்க எழுதின மாதிரியே மறுபடியும் நீலம் அடிச்சுட்டேன்."

"அடிக்கிறதுக்கு முன்னாடி அது சரியாத்தானே இருந்துச்சு ஹார்லன்?"

"நாப்பது வருஷமா காட்டுல பாத்த நீலம்தான் பூசியிருந்தேன். உங்க தாளைப் பாத்ததும், என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். டாக்டர்கிட்டகூடப் போனேன். கண்ணுல ஒரு குறையும் இல்லன்னார். இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலன்னு திட்டிட்டு வந்துதான் பெயிண்ட எடுத்தேன்."

லியோட்டாவுக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுதாள். ஹார்லன் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையைத் துழாவி ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"அந்த டாக்டரோட நம்பர். நல்ல டாக்டர்தான் போலிருக்கு. அவர்கிட்டயே போங்க."