பாதியில் முடித்துவைத்த ராஜ்ஜியம்

அந்தப் பேருந்து ஓட்டுநருக்குக் கதை என்றால் டிராகன் பறக்க வேண்டும், வாள் மோத வேண்டும், அத்தியாயத்துக்கு ஒரு தலையாவது உருள வேண்டும். அவனுடைய அக்கா நேர்மாறு. பேக்கரியில் நாளெல்லாம் மாவோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள், நிதானமாக நகரும் மாய நாவல்களைத்தான் தேடுவாள். ராணிகளின் வம்சாவளி, மந்திரத்துக்கான சட்டம், எந்த ஆறு எங்கே கடலில் சேருகிறது, எல்லாம் விலாவாரியாக இருக்க வேண்டும். அடுத்து எதைப் படிப்பது என்பதில் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே எலியும் பூனையும்தான்.

அக்காவுக்கு விழித்திரையில் அறுவை சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் வாயு நிரப்பியிருப்பதால் சில வாரங்கள் குப்புறவே படுத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டில் விளிம்பில் முகத்தைத் தொங்கவிட்டுக் கிடந்தவளுக்கு, பேக்கரியில் கேக் அலங்கரிக்கும் தோழி தலையணை கனத்தில் ஒரு நாவலைக் கொடுத்தனுப்பினாள். கடலுக்கடியில் இருக்கும் ராஜ்ஜியத்தைத் தேடிப் போகும் ஒரு வரைபடக்காரியின் கதை. வேலை முடிந்து வந்து வாசித்துக் காட்டத் தம்பி ஒப்புக்கொண்டான்.

பாதி வரை ஒழுங்காகத்தான் போனது. ஆனால் அவன் ஆசைப்பட்டு வாங்கிய புது டிராகன் நாவல் பையில் இருந்துகொண்டே அவன் உயிரை வாங்கியது. ஒரு மாலை, வரைபடக்காரி கப்பலேறும் இடத்தில், பக்கத்தைப் பார்த்தபடியே வாய்க்கு வந்ததை அடித்துவிட்டான். புயல் வந்தது, அவள் பாதி வழியில் திரும்பினாள், வரைபடத்தைக் கிழித்துப் போட்டாள், முற்றும்.

"இவ்ளோ பெரிய புத்தகம், பொசுக்குனு முடிஞ்சிருச்சே," என்றாள் அக்கா. அடுத்தது உன் இஷ்டம் என்றும் அவளே சொல்லிவிட்டாள்.

டிராகன் நாவல் தொடங்கியது. அவளுக்கு அது துளியும் பிடிக்காது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கழுத்து வலியோடு, அப்புறம் என்னாச்சு என்று அவனுக்காகவே கேட்டுக்கொண்டிருந்தாள். ஆசையாக வாங்கிய புத்தகம் அவனுக்குச் சப்பென்று போனது. பேருந்து சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பொய் முடிவு வந்து குத்தியது.

ஒரு விடுமுறை நாளில் தோழி பார்க்க வந்தாள். வரைபடக்காரி கடலடி நகரத்துக்குள் நுழையும் இடத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினாள். அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த தம்பி அப்படியே நின்றுவிட்டான். அக்கா சற்றுத் தயங்கினாள். பிறகு, "ஆமா, அந்த இடம் நல்லா இருந்துச்சு," என்றாள். அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

தோழி போனதும் அவன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான்.

"என் புத்தகத்தைச் சீக்கிரம் ஆரம்பிக்கணும்னு நானா முடிச்சுட்டேன்க்கா."

"பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம்லடா. போன காரியம் ஆகாம வரைபடக்காரி திரும்பிட்டாளேன்னு, என் கண்ணும் அப்படியே ஆகிடுமோன்னு பயந்துக்கிட்டே கிடந்தேன்."

அதை அவன் நினைத்தே பார்த்திருக்கவில்லை. கப்பலேறும் பக்கத்தைத் தேடி எடுத்து, அங்கிருந்து ஒரு வரி விடாமல் வாசித்தான். மீன்களின் பெயர்களே இரண்டு பக்கத்துக்கு வந்தன. அவற்றையும் விடவில்லை.

அக்காவுக்குப் பார்வை ஓரளவு திரும்பிவிட்டது. இப்போது அவளே போனில் பெரிய எழுத்தில் வைத்துப் படிக்கிறாள். அடுத்து எது என்று கேட்டால் மட்டும் தம்பி, நீ சொல்றதுதான் என்று தலையைக் குனிந்துகொள்கிறான். சண்டை போட ஆளில்லாமல் புத்தகம் எடுப்பதே சலிப்பாக இருக்கிறது என்று அக்கா தோழியிடம் புலம்புகிறாள்.