மூடிமேல் மஞ்சள் மாத்திரை

பொய் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், கண்ணுகளா. எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரி என் எதிரில் உட்கார்ந்து சொன்னதைத்தான் சொல்கிறேன். இருட்டில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல்.

அவள் புருஷனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பை நிறைய மாத்திரை. அதையெல்லாம் பார்த்து, கிழமைக்கு ஓர் அறை வைத்த டப்பாவில் பிரித்துப் போட்டுத் தர மருந்துக்கடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தையல்காரி வேலைக்குப் போயிருந்த நேரம்.

"என்ன பொறுமைங்கற அந்தப் பொண்ணுக்கு!" என்றார் அவர் சாயங்காலம். "ஒவ்வொரு மூடியையும் சாத்திட்டு, நகத்தால ரெண்டு தட்டு தட்டுறா. எனக்குச் சிரிப்பா வருது."

கல்யாணமான நாளிலிருந்து இவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. 

கடைக்குப் போன் போட்டாள். "இனிமே அந்த மகாராணி வர வேண்டாம். மாத்திரை போட எனக்குக் கை இல்லையா?"

மறுநாள் அந்தப் பெண்ணே போனில் கூப்பிட்டாள். இவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. போனைத் துண்டித்துவிட்டாள்.

டப்பாவில் அவள் போட்டிருந்ததையெல்லாம் கொட்டினாள். முன்பிருந்தே அவர் சாப்பிட்டுவந்த மஞ்சள் மாத்திரை அட்டை ஜன்னல்மேல் தனியாகக் கிடந்தது. "மறந்துட்டா பாரு. பெரிய படிப்பு!" ஆஸ்பத்திரி மாத்திரைகளோடு அதையும் சேர்த்து நிரப்பினாள்.

அன்று வேலையிலிருந்து வந்து பார்த்தாள். அன்றைய அறை காலி. மஞ்சள் மட்டும் மூடிமேல் இருந்தது.

"இதை ஏன் எடுத்து வெச்சீங்க?"

"நான் தொடலையே."

மறுநாளும் அப்படியே. சமையலறை ஸ்டூல் வேறு கட்டில் பக்கம் கிடந்தது.

"அவ வர்றாளா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சிரிப்பை மறைக்கிறாரோ...

மறுநாள் வேலைக்குப் போவதுபோல் கதவைப் படாரென்று சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கதவு தட்டினால் அவர்தான் எழுந்துபோய்த் திறக்க வேண்டும்; அப்போது கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

மத்தியானம். தெருவில் சத்தமே இல்லை.

டக்... மூடி சாத்துகிற சத்தம்.

டிக்... டிக்.

நகம்.

அவர் மெல்லச் சிரித்தார். "ம்... சரி..."

ஓடினாள்.

யாருமில்லை.

கட்டில் பக்கம் ஸ்டூல். தொட்டாள்.

சூடாக இருந்தது.

மூடிமேல் மஞ்சள்.

வாசல் தாழ்ப்பாள்... போட்டது போட்டபடி.

மருந்துக்கடைக்காரரைப் போனில் கூப்பிட்டுக் கத்தினாள். "வேண்டாம்னு சொல்லியும் எதுக்கு அவளை அனுப்புறீங்க?"

 

"யாரம்மா அனுப்பறது? அந்தப் பொண்ணு லாரியில அடிபட்டுச் செத்துப்போச்சு. நீங்க போனை எடுக்கலையே, அன்னைக்கே. 'மஞ்சளும் ஆஸ்பத்திரி வெள்ளை மாத்திரையும் ரத்தம் உறையாம வைக்கற ஒரே மருந்துதான், கம்பெனிதான் வேற. ரெண்டும் சேர்ந்து உள்ளே போனா ரத்தம் நிக்காது. நேர்லயே சொல்லிட்டு வந்துடறேன்'னு கிளம்புச்சு. உங்க தெருமுனையிலதாம்மா... அந்தப் பதட்டத்துல உங்களுக்குச் சொல்ல எனக்கும் விட்டுப்போச்சு."

கட்டிலண்டை போய்த் தரையில் உட்கார்ந்தாள். அழுதுகொண்டே அவரிடம் சொன்னாள்.

அவர் திடுக்கிடவில்லை.

"தெரியும். செத்த அன்னைக்கே வந்து சொல்லிட்டா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்ல வேண்டாம்னா. உனக்குப் பிடிக்காதாம்..."

மஞ்சள் அட்டையை அன்றே தூக்கிப் போட்டாகிவிட்டது. அவரும் தேறிவிட்டார். எடுத்து வைக்க இனி அந்த வீட்டில் ஒன்றும் இல்லை.

ஆனாலும் மத்தியானமானால் ஸ்டூல் கட்டில் பக்கம் போய்விடுகிறது.

அதற்கு முன்பே அவர் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.