அழுத்திப் பிடித்த விரல்

இருபது வருடமாக மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன் நான். பக்கத்தில் நின்று யாராவது "பிரேக்" என்று சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவன் ரிமோட்டில் சின்ன விமானம் பறக்கவிட ஆசைப்பட்டு, யாரையும் கேட்காமல் இரண்டைத் தரையில் குத்தி நொறுக்கினேன். மூன்றாவதை நாலு மாதம் உட்கார்ந்து நானே செய்தேன். இதுவும் உடைந்தால் இனி வீட்டில் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

அவளுடைய தம்பி மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலில் ஏசி மெக்கானிக். விமானம் பறக்கவிடுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கல்யாணமான நாளிலிருந்தே எனக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். வேறு வழியில்லாமல்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் வந்தான்.

செங்கல்பட்டைத் தாண்டி ஒரு வற்றிய ஏரி. ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் காற்று ஏறுவதற்குள் போய்விடுவோம். அவனிடம் ஒரு ரிமோட், என்னிடம் ஒரு ரிமோட், இரண்டையும் இணைத்து ஒரு வயர். ஓட்டுவது நான். தப்பாகப் போனால் தன் ரிமோட்டில் இருக்கும் ஒரு சுவிட்சால் விமானத்தை அவன் தன் கட்டுப்பாட்டுக்கு வாங்கிக்கொள்வான். வயர் ஒரு மீட்டர்தான். தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் நிற்க வேண்டும், பிடிக்கிறதோ இல்லையோ.

விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடதும் வலதும் மாறிவிடும். அங்கேதான் எனக்குச் சறுக்கும். தலைகுப்புற வருவதை அவன் வாங்கி, மேலே ஏற்றி, மறுபடி என்னிடமே கொடுப்பான். ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். எனக்கு அதுவே எரிச்சல். "சும்மா நிக்கிறான், சமயம் பாத்துப் புடுங்கறான்" என்று வீட்டுக்கு வந்து பொருமுவேன். இரண்டு மாதத்தில் நானே இறக்கப் பழகிவிட்டேன்.

போன வாரம் மனைவியும் வந்தாள். தனக்கும் வேண்டும் என்றாள். அவன் என் ரிமோட்டை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை என் கையில் வைத்தான்.

"அக்காவுக்கு நீயே சொல்லிக்குடு மாமா. இந்த சுவிட்ச அழுத்திக்கினே இரு. விட்டா உன்னாண்ட வந்துடும்."

பிடுங்கத்தான் அழுத்த வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நேர் எதிர். அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் விமானம் கற்றுக்கொள்கிறவர் கையில் இருக்கும்.

ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு. ஐந்து நிமிடத்தில் விரல் மரத்துவிட்டது. அவளும் என்னைப் போலவே மாற்றித் திருப்பினாள். என் நாலு மாத உழைப்பு சாய்ந்தபடி எங்களைப் பார்த்து இறங்கியது. விட்டுவிடலாமா என்று விரல் துடித்தது. அவன் எனக்காக எத்தனை முறை இப்படிப் பொறுத்திருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு நொடி அழுத்தினேன். அவளே திருத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததே இல்லை.

விமானத்தை இறக்கிய பிறகு விரலை உதறிக்கொண்டே அவனிடம் கேட்டேன், உனக்கு வலிக்கவில்லையா என்று.

"ரெண்டு மாசமா வலிச்சுகினுதான் கீது மாமா."

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா நீ வாணாம்னு வெச்சிட்டுப் பூட்டிருப்ப."

உண்மைதான். போயிருப்பேன். அவன் கையைப் பிடித்து, நல்லா இருடா என்றேன்.